பழங்காசுப் பைத்தியம்

உலகத்தில் பைத்தியங்கள் பல வகை. சங்கீதப் பைத்தியத்தால் அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு; சீட்டாட்டப் பைத்தியத்தால் சொந்த வீட்டாருக்குத் தொந்தரவு. பழங்காசு சேர்க்கும் பைத்தியத்தால் பிறருக்கு யாதொரு உபத்திரவமும் இல்லை. செல்லாத காசுக்காகச் செல்லும் காசைக் கொடுக்கிறாரே என்று வீட்டிலுள்ளோர் தலையில் அடித்துக் கொள்வதோடு சரி.

வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தில் வசிக்கும் நமக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கக் காரணம் வெகு தூரத்தில் இல்லை. ஆற்காடு பக்கத்து ஊர். 'ஆற்காட்டு ரூபாய்' என்ற வெள்ளி நாணயம் ஒரு காலத்தில் தென்னாடெங்கும் புழங்கியது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள்: ஆற்காடு என்று பாரசீக எழுத்தில் பொறித்த காசுகளிற் பல, ஆற்காட்டைக் கண்ணாலும் பார்த்தவை அல்ல! நவாபிடம் அனுமதி பெற்றுப் பிரெஞ்சுக்காரர் 1736 முதல் புதுச்சேரியில் அடித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் ஆங்கிலக் கும்பினியாரும் சென்னையில் தொடங்கினார்கள். புதுச்சேரிக் காசுக்குப் பிறை அடையாளம்; சென்னைக் காசுக்குத் தாமரை. தில்லிச் சக்கரவர்த்தி இரண்டாம் ஆலம்கீர் 1759-ல் கொலையுண்டார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், அவருடைய பெயரையும் ஹிஜ்ரி 1172 என்ற பழைய வருஷத்தையுமே கும்பினியார் பொறித்துக் கொண்டிருந்தார்கள். செத்தவர் பெயரில் வரவு செலவு நடத்துவது அவர்களுக்குக் கைவந்த கலை.

ஆனால் கையில் கிடைக்கும் ரூபாயில் பிறையோ தாமரையோ தெரிய வேண்டுமே! அச்சு பெரிது, வெள்ளி வில்லை சிறிது. நாம் தேடும் அடையாளம் மட்டும் சரியாக ஓரத்துக்கு வெளியே போயிருக்கும். பூதக்கண்ணாடியும் கையுமாக நடுநிசி வரை உட்கார்ந்தாலும், இல்லாததை எப்படிக் காண்பது? போதாக்குறைக்கு, வெள்ளியைப் பரிசோதிக்கச் சராப்புகள் குத்திய தழும்புகள் வேறு. சிலர் தழும்புள்ள காசை ஒதுக்குவார்கள். நாம் ஒதுக்குவதில்லை. அது எத்தனை பேர் கையில் நம்பிக்கையோடு மாறியது என்பதற்கு அந்தத் தழும்புகளே சாட்சி.

இதைவிடப் பெரிய சங்கடம் போலிகள். ஒரு பக்கம் இராமர் பட்டாபிஷேகமும், மறு பக்கம் 1818 என்ற வருஷமும் கும்பினியின் பெயருமாக ஒரு செப்புக்காசு சந்தைகளில் விலையாகிறது. அரிசியை இழுக்கும், இலட்சக்கணக்கில் பெறும் என்று சொல்லி வீட்டுப் பத்திரத்தையே அடகு வைக்கச் செய்யும் ஆசாமிகளும் இருக்கிறார்கள். கும்பினியார் அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. அவர்கள் சென்னையில் அடித்த வராகனில் பெருமாள் உருவம் உண்டு. 1808-ஐ ஒட்டிய அரை வராகன் வெள்ளிக் காசில் ஒரு புறம் கோபுரம், மறு புறம் பெருமாள், அதில் தமிழ் எழுத்தும் உண்டு. அது வேறு, இது வேறு.

மனத்தை உண்மையில் வருத்துவது மூசை. நிலத்தை உழும்போது கிடைக்கும் காசு எடைக்கு விற்கப்பட்டு உருகிவிட்டால், அந்தக் காசோடு அது கிடைத்த இடமும் போய்விடுகிறது. தேய்ந்த சதுரச் செப்புக்காசு ஒன்றில் 'பெருவழுதி' என்ற தமிழ் பிராமி எழுத்துக்களை 'தினமலர்' ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் படித்துக் காட்டினார். சங்க காலப் பாண்டியர் சொந்தமாகக் காசு அடித்தார்கள் என்பதற்கு அது தக்க சான்றாயிற்று. அந்தக் காசு பாத்திரக்காரரின் உலைக்குப் போயிருந்தால்? பூமியில் புதையுண்டு கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் சொல்கிறது. சொல்லி என்ன? தெரிவித்தால் வம்பு என்று பயப்படுகிறவர்களே அதிகம்.

கிடைத்த காசைப் புளி போட்டுத் துலக்காதீர்கள்; எழுத்தும் சேர்ந்து போய்விடும். நம் ஊர்ப் பெருமை என்று ஆம்பூர்த் தோல் பையிலும் போட்டு வைக்காதீர்கள். தோலில் ஊறிய எண்ணெய்ப் பசை செம்பைத் தாக்கிப் பச்சைக் களிம்பு ஏற்றும். காகித உறையே போதும். கிடைத்த ஊரையும் தேதியையும் அதன் மேல் எழுதிவிடலாம்.

குழந்தைகள் தொடங்குவதற்கு ஏற்றது 1808-ம் வருஷத்துப் பத்துக் காசு. இங்கிலாந்தில் அடித்துச் சென்னைக்கு அனுப்பிய அந்தச் செப்புக் காசுகளுடன் 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர மணல் திட்டில் மூழ்கியது. 1980-களில் சுமார் பத்து இலட்சம் காசுகளை வெளியே எடுத்தார்கள். அதனால் இன்றும் விலை மலிவு. நம் முன்னோர் உப்பும் புளியும் வாங்க வேண்டிய காசு, நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் கடலடியில் கிடந்துவிட்டு இப்போதுதான் வந்து சேருகிறது.