இரவில் ஓயாத கால்கள்

படுக்கையிற் சாய்ந்ததும் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போன்ற வேதனை. அசைத்தால் தணியும், ஓய்ந்தால் மீளும். சுவீடன் தேச வைத்தியர் எக்பொம் 1945ஆம் ஆண்டில் விரிவாக விளக்கிய நோய் இதுவே.

மூளையில் இரும்புச் சத்துக் குறைவது இதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று. இரத்தச்சோகை இல்லாதாரிடத்தும் இக்குறை இருக்கலாம். ஆதலின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் அளவை முதலிற் சோதித்தல் வேண்டும். வளர்ந்தோரில் அது லீற்றருக்கு 75 மைக்கிரோகிராமோ அதனிற் குறைவோ ஆயின், இரும்பு மாத்திரை பயன்தரலாம். அதனைத் தேநீருடன் உட்கொள்ளலாகாது. இரும்பு உடலிற் சேர்வதைத் தேநீர் தடுக்கும்.

பிரமிபெக்சோல் போன்ற மருந்துகள் தொடக்கத்திற் சுகமளிப்பினும், நாட்செல்ல நோயை வலுப்படுத்தி, மாலையிலேயே தோன்றச் செய்யக்கூடும். எனவே இன்று கபாபென்ரின் வகை மருந்துகளையே வைத்தியர் பெரிதும் விரும்புவர். எதனையும் தாமே தொடங்குதலும் திடீரென நிறுத்துதலும் தகா. மிஞ்சிய இரும்பும் நஞ்சே!