காருக்குள் வரைபடமா, கைபேசியில் வரைபடமா?

காஞ்சிபுரத்துக்குக் காரில் வரும் வெளியூர்க்காரர்கள் பெரிய கோயில்களையும் காந்தி சாலைப் பட்டுக்கடைகளையும் பார்த்த கையோடு திரும்பிவிடுவார்கள். விஷயம் தெரிந்த சிலர் மட்டும் வேகவதி ஆற்றைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றம் வரை போவார்கள். ஜின காஞ்சி என்று பெயர் பெற்ற ஊர் அது. பல்லவர் காலத்துத் திரைலோக்கியநாதர் கோயில் அங்கே இருக்கிறது. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய சங்கீத மண்டபமும், அதன் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கையைச் சொல்லும் ஓவியங்களும் அங்கேதான்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். பெங்களூரு நெடுஞ்சாலையில் வரும் வரை எந்தக் கருவியும் வேண்டாம், பெயர்ப்பலகையே போதும். நகருக்குள் நுழைந்த பிறகுதான் சோதனை. தேரோடும் வீதிகள், ஒருவழிப் பாதைகள், மேற்கே போனால் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருக்கள். அந்தப் பக்கம் காலை நேரத்தில் தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்து வேலை செய்கிற வழக்கம் உண்டு. அந்த நேரத்தில் அது காருக்கான தெரு இல்லை என்பது எந்த வரைபடத்துக்கும் தெரியாது.

புதுக் கார் வாங்கப் போகிறவர் ஷோரூமில் எதிர்கொள்ளும் கேள்வியை இங்கிருந்து பார்ப்பது நல்லது. வழிகாட்டும் வசதி உள்ளேயே பொருத்தப்பட்ட உயர்ரக மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதா, இல்லை ஒரு மொபைல் ஹோல்டர் வாங்கி ஒட்டிக்கொள்வதா?

இந்தப் போட்டிக்கு வயது நாற்பதுக்கு மேல். 1981இல் ஹோண்டா நிறுவனம் ஜப்பானில் விற்ற ‘எலக்ட்ரோ ஜைரோகேட்டர்’ செயற்கைக்கோளை நம்பவில்லை. கார் எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு தூரம் ஓடியது என்பதைத் தானே கணக்கிட்டு, ஒளிபுகும் வரைபடத் தாளுக்குப் பின்னால் ஒரு புள்ளியை நகர்த்தியது. 1985இல் அமெரிக்காவில் வந்த ‘ஈடாக்’ கருவிக்கு வரைபடம் கேசட்டில் வந்தது. செயற்கைக்கோள் உதவியோடு வழிகாட்டும் கருவியைக் காரிலேயே பொருத்தி 1990இல் மாஸ்டா விற்றது. ஆனாலும் அந்தக் காலத்து ஜி.பி.எஸ். நூறு மீட்டர் வரை தவறும். அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. 2000 மே மாதம் அந்தத் தடை நீங்கிய பிறகுதான் கார்மின், டாம்டாம் போன்ற நிறுவனங்களின் கையடக்கக் கருவிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உலகம் முழுக்கப் பரவின. இந்தியாவில், 1995இல் ராகேஷ் வர்மா, ரஷ்மி வர்மா தம்பதி தொடங்கிய நிறுவனத்தின் ‘மேப்மைஇந்தியா’ இந்தச் சந்தையில் இறங்கியது. இன்று இங்கே விற்கும் பல கார்களின் திரைக்குள் இருப்பது அதன் வரைபடம்தான்.

அந்தக் கையடக்கக் கருவிகளைக் கவிழ்த்தது கைபேசி. 2009 அக்டோபரில் கூகுள் வழிசொல்லும் வசதியை இலவசமாக அறிவித்த அன்றே கார்மின், டாம்டாம் பங்குகள் சரிந்தன. 2018இல் அந்தக் குரல் தமிழும் பேசத் தொடங்கியது. தனிக் கருவிக்கு இன்று மிச்சமிருப்பது சில மூலைகள்தான்: வெளிநாடுகளில் லாரியின் உயரம், எடை பார்த்துப் பாலம் தவிர்க்கும் ஓட்டுநர்கள், மலையேறுபவர்கள், படகுக்காரர்கள். சென்னையில் கார் வாங்கும் குடும்பத்துக்கு அது தேவையில்லை. ஆகவே உண்மையான போட்டி காரின் திரைக்கும் சட்டைப்பைக்கும் இடையில்தான்.

காரோடு வரும் கருவியின் பலம் வரைபடத்தில் இல்லை, கம்பிகளில் இருக்கிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. இடத்தைச் சரியாகச் சொல்லக் குறைந்தது நான்கின் சமிக்ஞை வேண்டும். சுரங்கப்பாதையிலும் அடுக்குமாடிகளுக்கு நடுவிலும் அது அறுந்துபோகும். கைபேசி அப்போது தடுமாறும். நன்றாகச் செய்யப்பட்ட உள்கருவியோ சக்கரம் சுற்றும் வேகத்தையும் திருப்பத்தையும் காரிடமே கேட்டுக் கணக்கைத் தொடரும். 1981இன் ஹோண்டா யுக்தி இன்னும் ஓய்வு பெறவில்லை. ஆன்டெனா காரின் கூரையில் இருப்பதும் ஒரு லாபம். சித்திரை வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிய கைபேசி சூடேறித் திரையை மங்கலாக்கும்; காரின் திரைக்கு அந்தக் கவலை குறைவு.

பலவீனம் எது? வயது. கார் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடும், அதற்குள் சாலைகள் மாறிவிடும். எஸ்.டி. கார்டில் வரைபடம் வரும் மாடல்களில் புதுப்பிக்கப் பணம் கேட்பார்கள், அல்லது சர்வீஸ் சென்டருக்கு வரச் சொல்வார்கள். சிம் உள்ள மாடல்களில் முதல் சில ஆண்டு இலவசம், பிறகு சந்தா. 2022 ஜனவரியில் வெளிநாடுகளில் பழைய ஹோண்டா கார்களின் கடிகாரங்கள் திடீரென்று 2002ஐக் காட்டின. ஜி.பி.எஸ். வாரக் கணக்கை அந்த உள்கருவிகள் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவு. கைபேசியில் இப்படி ஒன்று நடந்தால் ஒரு அப்டேட்டில் முடிந்துவிடும்.

நேரலைப் போக்குவரத்து கைபேசியின் பெரிய வரம். காஞ்சியில் அதற்கும் எல்லை உண்டு. 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் அத்திவரதர் தரிசனம். ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்களும் வாகன நிறுத்தங்களும் அமைத்து, நகர வீதிகளில் கார்களைக் கட்டுப்படுத்தினார்கள். எஸ்.டி. கார்டு வரைபடத்துக்கு இதெல்லாம் தெரிய வழியே இல்லை. கைபேசியில் நெரிசல் சிவப்புக் கோடாக விழும்; ஆனால் அந்தக் கோடு விழ வேண்டுமானால் நமக்கு முன்னே பலர் கைபேசியோடு அங்கே மாட்டிக்கொண்டிருக்க வேண்டும்! போலீசார் முழுதாக அடைத்துவிட்ட தெருவில் வண்டியே இருக்காது. யாராவது தெரிவிக்கும் வரை அது நல்ல வழி போலவே தோன்றும்.

கைபேசியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியதால் வந்த வினைகள் நாடறிந்தவை. 2024 ஜனவரியில் கூடலூரில், குறுக்குவழி என்று வரைபடம் காட்டிய பாதையில் போன ஒரு கார் படிக்கட்டில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, ராம்கங்கை ஆற்றில் வெள்ளம் ஒரு பகுதியை அடித்துச் சென்றிருந்த பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்தனர். உள்கருவி இருந்திருந்தாலும் இந்த ஆபத்து நீங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. பாலம் உடைந்த செய்தி அதற்கு இன்னும் தாமதமாகத்தான் வந்து சேரும். குறுகலான சாலைகளைக் கார்களுக்குத் தவிர்த்துச் சொல்லும் ஏற்பாட்டை 2024 ஜூலையில் கூகுள் எட்டு இந்திய நகரங்களில் அறிவித்தது; தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும் அந்தப் பட்டியலில் இருந்தன, காஞ்சிபுரம் இல்லை.

சட்டம் கைபேசிக்கு ஒரு கதவைத் திறந்திருக்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது கைபேசியை வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த அனுமதிக்கிறது. மடியில் வைத்துக் குனிந்து குனிந்து பார்ப்பது அந்த வகையில் சேராது.

நடுவழி ஒன்று உண்டு, பெரும்பாலானோருக்கு அதுவே ஏற்றது. 2014இல் ஆப்பிள் கார்ப்ளேவும் அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வந்தன. கைபேசியின் வரைபடம் காரின் பெரிய திரையில் தெரியும். இந்த வசதி இப்போது இடைநிலை மாடல்களிலேயே கிடைக்கிறது. வழிகாட்டும் வசதிக்காக மட்டும் உயர்ரக மாடலுக்குத் தாவுவது வீண் செலவு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதையொத்த மலைச் சாலைகளிலும் சிக்னல் விட்டு விட்டு வரும், அதனால் கிளம்புமுன் அந்தப் பகுதியின் வரைபடத்தைக் கைபேசியில் பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். உள்கருவி இயல்பாகத் தரும் வசதி கைபேசியில் கிடைக்க இந்த ஒரு முன்னேற்பாடு தேவை. மாதத்தில் பாதி நாள் மலையும் காடுமாகச் சுற்றுபவர், அல்லது ஓட்டும்போது இடைவிடாமல் அழைப்பு வரும் தொழிலில் இருப்பவர், உள்கருவிக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் உண்டு.

அப்படி வாங்குபவர் டெஸ்ட் டிரைவின்போது சென்னை விமான நிலையத்தைத் தேடிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். திருப்பருத்திக்குன்றம் போன்ற ஒரு சிற்றூரின் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் அடித்துப் பார்க்கட்டும். உச்சி வெயிலில் திரை தெரிகிறதா என்றும் பார்க்கட்டும். இலவசச் சந்தா எத்தனை ஆண்டு, அதன் பிறகு கட்டணம் எவ்வளவு என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். பழைய கார் வாங்குபவருக்கு இன்னொரு வேலை: எஸ்.டி. கார்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தக் கருவியில் வரைபடமே வராது.