பிளம்பர் வந்தால் மட்டும் ஒழுகாத ஹாட் டப்: கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

"நேத்து ராத்திரி சொட்டு சொட்டா ஒழுகுச்சு சார்." "இப்ப ஒண்ணும் இல்லையே?" பழைய ஹாட் டப் வைத்திருக்கும் வீடுகளில் பிளம்பருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே அடிக்கடி நடக்கும் பேச்சு இது. ஒரு நாள் ஒழுகும், மூன்று நாள் ஒழுகாது. கடைசியில், "சிலிகான் பூசிட்டேன், இனிமே வராது" என்று வேலை முடியும். அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடியும் ஈரம்.

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடி வீட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் பத்து ஆண்டுப் பழைய ஹாட் டப். கீழ் வீட்டில் வாடகைக்கு இருப்பவர், "அண்ணே, சீலிங்ல கறை பெருசாகிட்டே போகுது" என்கிறார். உரிமையாளரோ, "அது மழைத் தண்ணிப்பா" என்கிறார். யார் சொல்வது சரி? டைல்ஸை உடைக்காமலே இதற்கு விடை காண முடியும். 'எங்கே ஒழுகுகிறது?' என்பதற்கு முன்னால், 'எப்போது ஒழுகுகிறது?' என்று கேட்க வேண்டும்.

விட்டு விட்டு ஒழுகுவது ஏன்?

ஹாட் டப்பைப் பலரும் 'ஜக்குஸி' என்றே சொல்கிறார்கள். அது ஒரு குடும்பப் பெயர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய அந்தக் குடும்பம் பம்பு தயாரித்து வந்தது. மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட தன் மகனுக்காக, குளியல் தொட்டிக்குள் வைக்கும் பம்பு ஒன்றை கேண்டிடோ ஜக்குஸி 1948-ல் உருவாக்கினார். பம்பும் ஜெட்டும் தொட்டியோடு சேர்ந்த வடிவம் 1968-ல் வந்தது.

அதாவது, ஹாட் டப் என்பது வெறும் தொட்டி அல்ல. பம்பு, ஹீட்டர், ஜெட், வால்வு, ஏராளமான குழாய் இணைப்புகள் சேர்ந்த ஒரு இயந்திரம். தொட்டியில் விரிசல் என்றால் எப்போதும் ஒழுகும். விட்டு விட்டு ஒழுகினால், பெரும்பாலும் கோளாறு இணைப்புகளில்தான். வருடங்கள் ஆக ஆக ரப்பர் வாஷர்களும் ஓ-ரிங்குகளும் இறுகிப் போகின்றன. குளோரினும் சூடும் அதை வேகப்படுத்துகின்றன.

ஒழுகும் நேரம் சொல்லும் சேதி

பம்பு ஓடும்போது மட்டும் ஒழுகுகிறதா? பம்புக்கு அடுத்து, அழுத்தத்தோடு தண்ணீர் போகும் பக்கத்தைச் சந்தேகிக்கலாம். ஜெட் இணைப்புகள், ஹீட்டர், பம்பின் ஷாஃப்ட் சீல் ஆகியவை இதில் அடங்கும்.

பம்பு நின்றிருக்கும்போது மட்டும் ஒழுகுகிறதா? தண்ணீரை உறிஞ்சும் பக்கத்தைப் பாருங்கள். பம்பு ஓடும்போது அந்த ஓட்டை தண்ணீரை வெளியே விடாமல் காற்றை உள்ளே இழுக்கும். ஜெட்டில் வழக்கத்தைவிட அதிகமாகக் குமிழ் வருவது இதன் அடையாளம்.

தண்ணீர் ஆறிய பிறகு ஒழுகுகிறதா? ஹீட்டரின் இரு முனைகளிலும் உள்ள யூனியனைக் கவனியுங்கள். 1 மீட்டர் பி.வி.சி. குழாய் 10 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும், ஆறினால் சுருங்கும். பழைய ஓ-ரிங்கால் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாது.

விருந்தாளிகள் வந்த நாளில் மட்டும் ஒழுகுகிறதா? 2 மீட்டருக்கு 2 மீட்டர் தொட்டியில் நான்கு பெரியவர்கள் தோள் வரை அமர்ந்தால், நீர்மட்டம் சுமார் 5 செ.மீ. உயரும். வழக்கமான மட்டத்துக்கு மேலே ஏதாவது இணைப்பில் கோளாறு இருந்தால், அன்றைக்குத்தான் அது வெளியே தெரியும்.

மழை பெய்தால் மட்டும் கறை வருகிறதா? அப்படியானால் குற்றவாளி ஹாட் டப்பாக இல்லாமல், மொட்டை மாடித் தளமாக இருக்கலாம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்தக் குழப்பம் அதிகம்.

பக்கெட் சோதனை

அது கசிவா, ஆவியாதலா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். சூடான தண்ணீர் திறந்து கிடந்தால் வேகமாக ஆவியாகும். ஒரு பக்கெட்டில் டப் தண்ணீரையே நிரப்பி, டப்பின் உள்படியில் வையுங்கள். பக்கெட்டிலும் டப்பிலும் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். 24 மணி நேரம் யாரும் இறங்க வேண்டாம்.

இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் அது ஆவியாதல். டப்பில் கூடுதலாகக் குறைந்தால் கசிவு. ஒரு நாள் பம்பு ஓடும்போதும், மறுநாள் பம்பை நிறுத்தியும் செய்து பார்த்தால், எந்தப் பக்கம் கோளாறு என்பதும் தெரிந்துவிடும். 4 சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டியில் 1 மி.மீ. குறைவது 4 லிட்டருக்குச் சமம். நாளுக்கு 5 மி.மீ. என்றால், மாதத்துக்கு 600 லிட்டர் போகிறது.

இடத்தைப் பிடிப்பது எப்படி?

* கசிவு நின்ற பிறகும் தடயம் இருக்கும். உப்புள்ள போர் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளைப் படிவு விட்டுப் போகும். டார்ச் அடித்து இணைப்புகளில் அதைத் தேடுங்கள்.
* இரவில் பம்புக்கும் ஹீட்டருக்கும் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடம் நனைந்திருக்கிறதோ, அதற்கு நேர் மேலே பாருங்கள்.
* பம்பையும் ஹீட்டரையும் நிறுத்திவிட்டுத் தண்ணீரைக் குறைய விடுங்கள். மட்டம் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அந்த உயரத்தில்தான் ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம்.
* தண்ணீர் அசையாமல் இருக்கும்போது, கரைத்த கேசரிப் பவுடரை ஊசி இல்லாத சிரிஞ்சால் ஜெட் ஓரமாக மெல்ல விடுங்கள். நிறம் ஒரு பக்கமாக உள்ளே இழுபட்டால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

எச்சரிக்கை: பக்கவாட்டுப் பலகையைத் திறக்கும் முன் மெயின் பிரேக்கரை அணைப்பது கட்டாயம். ஆர்.சி.சி.பி. அடிக்கடி 'டிரிப்' ஆனால், மறுபடி மறுபடி தூக்கிவிட வேண்டாம். தண்ணீர் மின்சாரத்தைத் தொடுகிறது என்று அது சொல்கிறது. அங்கே எலக்ட்ரீஷியன் வந்த பிறகுதான் மற்ற வேலை.

சின்னக் கசிவுதானே என்று விடலாமா?

கூடாது. நொடிக்கு 1 சொட்டு விழுந்தாலே நாளுக்கு 4 லிட்டருக்கு மேல் போகும். அது தளத்துக்குள் இறங்கினால் கான்கிரீட்டில் உள்ள கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். அதே தளம்தான் டப்பையும் தாங்குகிறது. 1,000 லிட்டர் தண்ணீர் மட்டுமே 1 டன் எடை. சீலிங்கில் விரிசலோ பூச்சு உதிர்வதோ தெரிந்தால், உடனே டப்பைக் காலி செய்துவிட்டுக் கட்டடப் பொறியாளரை அழைப்பது நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. புதுச்சேரி நகரம் குடிப்பதே நிலத்தடி நீரைத்தான். கடலோரத்தில் உவர்நீர் உள்ளே வந்துகொண்டிருக்கும் ஊரில், மாதம் 600 லிட்டர் சும்மா போவது சின்ன விஷயம் இல்லை.

போனில் ஒரு வாரக் கணக்கு

காலையும் மாலையும் நீர்மட்டத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். பம்பு ஓடியதா, தண்ணீர் சூடாக இருந்ததா, எத்தனை பேர் இறங்கினார்கள், மழை பெய்ததா என நான்கு குறிப்புகள் போதும். ஒரு வாரத்தில் ஒழுங்கு ஒன்று தெரிய வரும்.

பிளம்பர் வரும்போது ஒழுகாவிட்டாலும் பரவாயில்லை. "ராத்திரி பம்பு நின்னு, தண்ணி ஆறினப்புறம்தான் ஒழுகுது" என்று சொன்னால், எதைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கே தெரிந்துவிடும். ஓ-ரிங் மாற்றினால் தீரும் வேலைக்குப் புது பம்பு வாங்கும் செலவு மிச்சம். மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவே நடக்கும் சண்டையும் அந்தப் போட்டோக்களிலேயே முடியும். மாடித் தொட்டி, சம்ப், பாத்ரூம் குழாய் என எதில் தண்ணீர் குறைந்தாலும் இதே கேள்விதான் முதல் படி: எப்போது?