பேகல் எங்கே கிடைக்கும்?

1973 ஆகஸ்ட். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் மாணவர்கள் நடத்திய லியோபோல்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடை. மாடிப்படி ஏறியதும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு டெலிடைப் இயந்திரம். அது தடதடக்கும் சத்தத்தை அடக்கப் பெட்டியின் உட்புறம் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தார்கள். கைகளை விட்டுத் தட்டச்சு செய்ய இரண்டு துளைகள், அச்சாவதைப் பார்க்க மேலே ஒரு பிளாஸ்டிக் ஜன்னல். தொலைபேசி வழியாக சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த எஸ்டிஎஸ் 940 கணினியோடு இயந்திரம் இணைந்திருந்தது. நொடிக்குப் பத்து எழுத்து, அதுதான் வேகம். தெருவில் போகிறவர் யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம், மற்றவர் எழுதியதைத் தேடிப் படிக்கலாம். 'கம்யூனிட்டி மெமரி' என்று பெயர். இன்றைய இணையக் குழுமங்களுக்கெல்லாம் பாட்டன் முறை.

புதிய குழுமம் தொடங்குகிறவர்களின் முதல் கவலை பெரும்பாலும் மென்பொருள், வடிவமைப்பு, சின்னம் ஆகியவற்றைப் பற்றியே இருக்கிறது. எல்லாம் தயாரான பிறகுதான் ஆளில்லாத கடையில் டீ ஆற்றுகிறோம் என்பது உறைக்கும். எழுத ஆள் இல்லாததால் படிக்க ஆள் வராது. படிக்க ஆள் இல்லாததால் யாரும் எழுதமாட்டார்கள். இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் தொடக்கத்தின் முழுச் சிக்கலும். லீ ஃபெல்சன்ஸ்டைன், எஃப்ரம் லிப்கின் முதலிய பெர்க்லிக்காரர்கள் அதை எப்படி அவிழ்த்தார்கள் என்று பார்த்தால், அவர்களுடைய கணினி அறிவைவிட இடம் பார்த்த சாமர்த்தியமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அந்தக் கடை மாடியில் ஏற்கெனவே ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. டிரம்ஸ் வாசிக்க ஆள் தேவை, கிடார் விற்பனைக்கு என்று இசைக்கலைஞர்கள் துண்டுச்சீட்டு ஒட்டிவிட்டுப் போவார்கள். டெலிடைப்பை அந்தப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கூட்டத்தைத் தம்மிடம் அழைக்கவில்லை. கூட்டம் இருந்த இடத்துக்குப் போனார்கள். கூடவே, சொல்லிக்கொடுக்க ஒருவர் எப்போதும் அருகில் நின்றார். அது தேவைப்பட்டது. 1964-ல் இதே ஊரில் நடந்த போராட்டத்தில் மாணவர்கள், தங்களைக் கணினியில் செருகும் துளையட்டைகளாக நடத்தும் பல்கலைக்கழகத்தின் சின்னமாகவே கணினியைப் பார்த்தார்கள். எனவே இங்கே எதிர்ப்பு வரலாம் என்ற அச்சம் இருந்தது. வந்தது ஆர்வம்தான்.

இன்னொரு முடிவு அதைவிட நுட்பமானது. பிரிவுகளை அவர்கள் முன்கூட்டியே வகுக்கவில்லை. எழுதுகிறவரே தம் குறிப்புக்குக் குறிச்சொற்களைக் கொடுக்கலாம். வேலை, வாடகை வீடு, கார் என்று விளம்பரங்கள் குவியும் என்பது கணக்கு. அவையும் வந்தன, இசைக்கலைஞர்களும் வந்தார்கள். ஆனால் கவிதையும் வந்தது, தட்டச்சு எழுத்துகளால் வரைந்த படமும் வந்தது. ஒருவர், நல்ல பேகல் இந்தப் பகுதியில் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பேகல் என்பது நடுவில் ஓட்டை உள்ள யூத ரொட்டி. சிலர் கடைகளைச் சொன்னார்கள். ஒரு பதிலில், முன்பு பேகல் செய்து பழகிய ஒருவர் செய்முறையைக் கற்றுத்தரத் தயார் என்றிருந்தது. 'வேலை, வீடு, கார்' என்று மூன்றே பெட்டிகள் வைத்திருந்தால் இந்தக் கேள்வியை எதில் போட்டிருப்பார்கள்?

வில்லியம் பர்ரோஸின் நாவல் பாத்திரமான டாக்டர் பென்வேயின் பெயரில் ஒருவர் விசித்திரமான குறிப்புகளை விட்டுச்சென்றார். கம்யூனிட்டி மெமரியில் பெயர் கேட்கும் வழக்கம் கிடையாது. 1985-ல் ஸ்டூவர்ட் பிராண்டும் லாரி பிரில்லியன்ட்டும் தொடங்கிய 'தி வெல்' என்ற கணினிவழிக் குழுமம் நேர் எதிர்த் திசையில் போனது: புனைபெயர் வைக்கலாம், ஆனால் அதன் பின்னால் உண்மைப் பெயர் தெரியும். பத்திரிகையாளர்களுக்கு இலவச அனுமதி கொடுத்தார்கள். புதிய குழுமத்துக்கு இதைவிட மலிவான விளம்பரம் கிடைக்காது.

நுழைவாயிலை எவ்வளவு குறுகலாக வைப்பது என்ற கேள்விக்கு ஆகத் தெளிவான பதில் நியூபீடியாவின் கதையில் இருக்கிறது. 2000 மார்ச்சில் ஜிம்மி வேல்ஸ் தொடங்கிய கலைக்களஞ்சியம் அது. லாரி சாங்கர் தலைமைப் பதிப்பாசிரியர். ஒரு கட்டுரை வெளியாக ஏழு கட்டப் பரிசீலனையைத் தாண்ட வேண்டும். முதல் ஆண்டில் தேறியவை இருபது சொச்சம் கட்டுரைகள். 2001 ஜனவரி 15 அன்று, யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற துணைத்திட்டமாக விக்கிப்பீடியா பிறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 20,000 கட்டுரைகள். துணைத்திட்டம் மூலத்திட்டத்தை விழுங்கியது. 2003-ல் நியூபீடியா மூடப்பட்டது.

அப்படியானால் வாயிலை முழுக்கத் திறந்துவிடுவதுதான் வழியா? பெர்க்லிக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. முதல் சோதனை 1975 தொடக்கத்தில் நின்றுபோனது. 1984-ல் காசு போட்டால் இயங்கும் முனையங்களோடு கம்யூனிட்டி மெமரி திரும்பவும் வந்தது. படிப்பது இலவசம். கருத்து எழுத 25 சென்ட். புதிய விவாதப் பிரிவு தொடங்க ஒரு டாலர், அதாவது நான்கு மடங்கு. இந்த விகிதத்தில் ஒரு கணக்கு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஐம்பது பேர் இருக்கும் இடத்தில் இருபது பிரிவுகளைத் திறந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், அவர்களும் பதில் வராமல் கிளம்பிவிடுவார்கள். ஒரு டாலர் செலவழிக்க யோசிப்பவர், கால் டாலருக்கு ஏற்கெனவே நடக்கும் பேச்சில் சேர்ந்துகொள்வார்.