கைப்பேசியும் நம் முகமும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம்மவர் வழக்கில் உள்ள பழமொழி. அகத்தை மட்டுமேயன்றி, ஒருவருடைய பணப்பெட்டியையும் கடிதப் பையையும் குடும்ப விவரங்களையும் அவரது முகத்தைக் கொண்டே திறந்துவிடலாம் என்னும் நிலை இந்நாளில் ஏற்பட்டிருக்கிறது. கைப்பேசியை எடுத்து முகத்திற்கு நேரே பிடித்தால் போதும், பூட்டு திறந்துவிடுகிறது. இது எவ்வாறு நடைபெறுகிறது? இதனால் விளையும் நன்மை யாது? இதில் நாம் அஞ்ச வேண்டியது எது? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

பெங்களூரில் கோரமங்கலாவை அடுத்துள்ள ஈஜிபுராவில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. வீட்டு வேலை, கட்டட வேலை, வண்டி ஓட்டுதல், உணவுப் பொட்டலங்களை வீடுதோறும் சேர்ப்பித்தல், அலுவலக உத்தியோகம் எனப் பலவகைத் தொழில்களில் நம்மவர் ஈடுபட்டிருக்கின்றனர். ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்புவதும், அன்றாட வேலைக்கு அழைப்புப் பெறுவதும், ஆதார் அட்டையின் நகலை வைத்திருப்பதும் இன்று ஒரே கைப்பேசியில்தான். அது மட்டுமன்று. படிவத்தில் உள்ள ஆங்கிலமோ கன்னடமோ புரியாதபோது, பக்கத்துக் கடைக்காரரிடமோ அறிமுகமான இளைஞரிடமோ கைப்பேசியைக் கொடுத்து, "நீங்களே பார்த்துச் செய்துவிடுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். அவரும் நம்மை நோக்கி அதைப் பிடித்து, "இங்கே பாருங்கள்" என்கிறார். நாமும் பார்க்கிறோம். அந்த ஒரு பார்வை எதற்கு இசைவு தந்தது என்பதை நாம் அறிவதில்லை. வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இவ்விஷயம் மிகவும் முக்கியமானதாவது இதனாலேயே.

முதலில் யந்திரம் முகத்தை அறியும் முறையைக் காண்போம். கண்களுக்கிடையே உள்ள தூரம், மூக்கின் வடிவம், தாடையின் அமைப்பு முதலியவற்றைக் காமிரா வழியாகப் பெற்று, கைப்பேசி அவற்றை ஓர் எண்வரிசையாக மாற்றி வைத்துக் கொள்கிறது. மறுமுறை நாம் முகத்தைக் காட்டும்போது கிடைக்கும் எண்வரிசையை முன்னதனுடன் ஒப்பிடுகிறது. இரண்டும் போதிய அளவு ஒத்திருந்தால் பூட்டைத் திறக்கிறது. ஆகவே, இது முற்றிலும் ஒன்றாக இருத்தலைக் கண்டறிவதன்று. எந்த அளவு ஒத்திருக்கிறது என்று மதிப்பிடுவதே என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இம்முறையில் இருவகை உண்டு. ஒன்று, சாதாரணக் காமிராவை மட்டும் நம்புவது. 2011-ஆம் ஆண்டில் ஆண்டிராய்டு கைப்பேசிகளில் முகப்பூட்டு அறிமுகமாயிற்று. உரியவருடைய புகைப்படத்தைக் காட்டியே அதைத் திறந்துவிட முடிந்தது. மறு ஆண்டில், கண் இமைத்தால்தான் திறக்கும் என்னும் ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். இன்றும் விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றில் காமிராவை மட்டும் நம்பும் முறையே இருக்கிறது. உங்களைப் போன்ற தோற்றமுடைய ஒருவர் இதைத் திறந்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கையை அத்தகைய கைப்பேசிகள் தாமே காட்டுவதுண்டு. அதைப் படிக்காமல் கடந்து போகிறவர்களே மிகுதி.

மற்றொன்று, முகத்தின் மேடுபள்ளத்தை அளப்பது. ஆப்பிள் கம்பெனி 2017-இல் வெளியிட்ட ஐபோன் 10-இல் இம்முறை அமைந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியினால் 30,000-க்கும் மேற்பட்ட புள்ளிகளை முகத்தின்மேல் வீசி அது வடிவத்தை அளக்கிறது. முன்பின் அறியாத ஒருவர் அதைத் திறந்துவிடும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்று என்றும், விரல்ரேகைப் பூட்டில் அவ்வாய்ப்பு 50,000-இல் ஒன்று என்றும் அக்கம்பெனி கூறிற்று. இரட்டையர், ஒத்த தோற்றமுடைய உடன்பிறந்தார், 13 வயது நிரம்பாத குழந்தைகள் ஆகியோரிடத்தில் இக்கணக்கு பொருந்தாது என்றும் அதுவே ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே வியட்நாம் நாட்டுக் கம்பெனி ஒன்று முகமூடி செய்து அப்பூட்டைத் திறந்து காட்டியது. 2019-இல் வந்த கூகிள் பிக்ஸல் 4 கைப்பேசியோ, உரியவர் கண்மூடியிருக்கும்போதும் திறந்துகொண்டது. உறங்குகிறவர் முகத்திற்கு நேரே பிடித்தால் போதும் என்ற நிலை! பின்னரே அது திருத்தப்பட்டது.

இங்கே ஓர் அடிப்படை உண்மையைக் கருத வேண்டும். இரகசிய எண் பிறருக்குத் தெரிந்துவிட்டால் மாற்றிக் கொள்ளலாம். பூட்டுச் சாவி தொலைந்தால் வேறு பூட்டு வாங்கலாம். முகத்தை மாற்ற இயலுமோ? அன்றியும், இரகசிய எண் நம் மனத்துள் இருப்பது. முகமோ தெருவில் செல்லும் அனைவருக்கும் தெரிவது. நாம் விரும்பாமலே அதைப் படம் எடுக்கலாம். வலிந்து பிடித்தும் காட்டச் செய்யலாம்.

நிற்க. கைப்பேசிக்குள்ளேயே தங்கிவிடும் முக அடையாளம் வேறு. கைப்பேசியிலிருந்து வெளியே செல்லும் முகப்படம் வேறு. பூட்டுக்காகப் பதிந்த எண்வரிசையை நல்ல கைப்பேசிகள் தம்முள்ளே தனியான காப்பறையில் வைத்துக் கொள்கின்றன. ஆனால் பல செயலிகள் நம் முகத்தைப் படம் எடுத்துத் தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு அனுப்பி ஒப்பிடுகின்றன. வண்டி ஓட்டுகிறவர்களும் பொருள் சேர்ப்பிக்கிறவர்களும் வேலை தொடங்குமுன் தம் முகத்தைப் படம் எடுத்து அனுப்புமாறு கேட்கப்படுவது இவ்வகையே. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்றை, 2021 நவம்பர் முதல் முகம் காட்டியே அளிக்கலாம். நடக்க இயலாத முதியோருக்கு இது பெரும் உதவி என்பதை மறுப்பதற்கில்லை. விமானப் பயணிகளுக்கான டிஜி யாத்ரா என்னும் ஏற்பாடு 2022 டிசம்பர் 1-இல் டெல்லி, வாரணாசி, பெங்களூர் ஆகிய மூன்று விமான நிலையங்களில் தொடங்கிற்று. இதில் சேர்வது பயணியின் விருப்பம்; சேராதவர் வழக்கம்போல் அடையாள அட்டையைக் காட்டிச் செல்லலாம்.

வெளியே சென்ற முகப்படம் எங்கே, எத்தனை காலம், யார் கையில் இருக்கும் என்பதே வினா. 2024 மே மாதத்தில் தமிழ்நாடு காவல்துறையின் முகமறி மென்பொருளின் விவரங்கள் அயலார் கைக்குச் சென்ற செய்தி வெளியாயிற்று. காவல்துறையின் சேமிப்புக்கே இந்நிலை எனில், பெயர் தெரியாத செயலிகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

யந்திரத்தின் பிழையையும் இங்கே குறிப்பிட வேண்டும். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று கம்பெனிகளின் மென்பொருள்களை அமெரிக்காவில் ஆராய்ந்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். வெண்ணிற ஆண்களிடத்தில் பிழை 100-க்கு ஒன்றுக்கும் குறைவு; கருநிறப் பெண்களிடத்திலோ 100-க்கு ஏறக்குறைய 35 வரை சென்றது. முகம் பொருந்தவில்லை என்று யந்திரம் கூறிய அளவில் ஒருவரது அன்றைய கூலி நின்றுபோகுமாயின், அது சிறு குறையாகாது. அத்தகைய வேளையில் மனிதர் ஒருவர் நேரில் பார்த்துச் சரிசெய்யும் வழி வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

சட்டம் என்ன சொல்கிறது? பெங்களூரில் வாழ்ந்தவரும் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதியுமான கே. எஸ். புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல் உச்சநீதிமன்றம் சென்றார். அவ்வழக்கில் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-இல், அந்தரங்கம் என்பது ஒவ்வொருவருக்கும் உரிய அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதன் வழியில் 2023-இல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கம்பெனிகளின் பெரும்பாலான கடமைகள் 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருமாறு அவை அமைந்துள்ளன. நம் போன்றோர் அறிய வேண்டிய பிரிவு ஒன்று அச்சட்டத்தில் இருக்கிறது. விவரம் கேட்பவர், அதை எதற்காகக் கேட்கிறார் என்னும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க நமக்கு வாய்ப்பளிக்க வேண்டும். தமிழும் அவற்றுள் ஒன்று. கொடுத்த இசைவைத் திரும்பப் பெறவும் அச்சட்டம் இடமளிக்கிறது.

இனி, நாம் செய்ய வேண்டுவன சில. காமிராவை மட்டும் நம்பும் கைப்பேசியாயின், முகப்பூட்டை நிறுத்திவிட்டு ஆறு இலக்க இரகசிய எண்ணை வைத்துக் கொள்வது நலம். பிறந்த ஆண்டும் 123456 போன்றவையும் ஆகா. முகப்பூட்டை வைத்திருப்போர், கண் திறந்திருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை கைப்பேசியில் இருந்தால் அதை இயக்கி வைக்க வேண்டும். பணம் செலுத்தும் செயலிக்குத் தனி எண் இருக்கட்டும். பிறர் உதவியை நாடும்போது கைப்பேசியைக் கைமாற்றாமல், அருகில் அமர்ந்து அவர் சொல்லச் சொல்ல நாமே அழுத்துவது சிறந்தது. முகம் காட்டுமாறு கேட்டால், எந்தச் செயலி, எதற்காக என்று கேட்ட பிறகே காட்ட வேண்டும். முகமறி செயலியை அனுப்புகிறேன் என்று யாரேனும் செய்தி வழியாக இணைப்பு அனுப்பினால் தொடுதல் கூடாது. ஆதாரிலுள்ள விரல்ரேகை, கண், முகம் ஆகிய அடையாளங்களை வேண்டாதபோது பூட்டி வைக்கும் வசதியை ஆதார் ஆணையமே அளித்திருக்கிறது; நம் ஆதார் எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்பதையும் அங்கே பார்க்கலாம். பணம் பறிபோயிற்று என அறிந்தவுடன் 1930 என்னும் எண்ணுக்கு அறிவிக்க வேண்டும். காலதாமதம் ஆக ஆக மீட்கும் வாய்ப்புக் குறையும்.

விஞ்ஞானம் தந்த வசதியைத் தள்ளிவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. முதியவர் ஒருவர் அலைச்சலின்றி ஓய்வூதியம் பெறுவதும், எண்ணை மறந்தவர் தம் கைப்பேசியைத் திறப்பதும் நல்லனவே. ஆயினும் வீட்டுச் சாவியை யாரிடம் தருகிறோம் என்று எண்ணிப் பார்த்துக் கொடுக்கும் நாம், மாற்ற முடியாத சாவியாகிய முகத்தைக் காட்டும்போதும் அவ்வாறே எண்ணிப் பார்ப்பது இன்றியமையாதது.