எதிர்வாதத்தை எடுத்து வைக்கும் கலை

நெய்வேலியில் ஷிப்ட் முடியும் நேரத்து வாயிற்கூட்டம் எந்தப் பேச்சாளருக்கும் சோதனைதான். வண்டியை நிறுத்தாமல் காலூன்றிக் கேட்பவர் வேறு சங்கத்துக்காரராக இருக்கலாம். வேலைநிறுத்தம் என்றால் எத்தனை நாள் சம்பளம் போகும் என்று கணக்குப் போடுபவராகவும் இருக்கலாம். எதிர்த்தரப்பை 'துரோகி' என்று முழங்கினால் முன்வரிசை கைதட்டும். இவர் வண்டியைக் கிளப்பிவிடுவார்.

ஒருபக்கப் பேச்சு யாரிடம் எடுபடும் என்பதை இரண்டாம் உலகப்போரிலேயே சோதித்திருக்கிறார்கள். ஜப்பானுடனான போர் நீளும் என்ற உரையை அமெரிக்கப் படைவீரர்களுக்கு இரண்டு விதமாகக் கேட்கவைத்தது உளவியலாளர் கார்ல் ஹோவ்லண்டின் குழு. ஒன்றில் எதிர்வாதமே கிடையாது, மற்றதில் உண்டு. ஏற்கெனவே உடன்பட்டவர்களிடம் முதலாவது நன்றாக எடுபட்டது. மாற்றுக்கருத்து உள்ளவர்களிடமும் கூடுதலாகப் படித்தவர்களிடமும் இரண்டாவதே வென்றது. முடிவுகள் 1949இல் நூலாக வந்தன.

எதிர்வாதத்தைக் கையாள வழிகள் பல. பெரியார் கூட்டத்தில் துண்டுச்சீட்டில் வரும் கேள்விகளை வாங்கிப் பதில் சொல்வார். பெரும்பான்மையினர் பேசுவதால் இந்தி ஆட்சிமொழி என்றவர்களுக்கு, எண்ணிக்கைதான் அளவென்றால் தேசியப் பறவையாக மயிலுக்குப் பதில் காகம் அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டார் அண்ணா. எதிராளியின் அளவுகோலை வாங்கி அவருக்கே வைத்துக் காட்டுவது இது. சிரிப்பும் வரும், பதிலும் வராது.

கடினமானது இன்னொரு வழி: உண்மையை ஒப்புக்கொண்டு கேள்வியை நகர்த்துவது. 2013இல் நெய்வேலி நிலக்கரிச் சுரங்க நிறுவனமான என்எல்சியின் பங்கு விற்பனை வந்தபோது மத்திய அரசின் பக்கம் வலுவான வாதம் இருந்தது. பொதுத்துறை நிறுவனங்களில் குறைந்தது 10% பங்கு பொதுவில் இருக்க வேண்டும் என்பது பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் அப்போதைய விதி. அரசிடம் இருந்ததோ 93.56%. தனியார்மயம் என்று மட்டும் கத்தினால், '90% அரசிடம்தானே இருக்கும்' என்ற பதில் தயாராக இருந்தது. ஜூலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விதியை மறுக்காமல், அந்த 3.56 சதவீதத்தைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கட்டும் என்றார் முதல்வர் ஜெயலலிதா. செபி இசைந்தது. அது மேடையில் அல்ல, கடிதத்தில் வைத்த வாதம். ஆனாலும் விற்பதா என்ற கேள்வி யாருக்கு என்று மாறிவிட்டது.

ஹோவ்லண்ட் சோதனையில் ஒரு சங்கடமும் உண்டு. இருபக்கமும் பேசிய அந்த உரை, ரஷ்யா போருக்குள் வரக்கூடும் என்பதை விட்டுவிட்டது. விவரமறிந்த வீரர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள். அவர்களிடம் உரையின் பலம் குறைந்தது. பங்குக் கணக்கையெல்லாம் இருபக்கமும் பேசி முடித்துவிட்டு, ஒப்பந்தத் தொழிலாளரின் பணி நிரந்தரத்தைப் பற்றி வாயே திறக்காத பேச்சாளரையும் சுரங்க வாசலில் இப்படித்தான் எடைபோடுவார்கள்.