20 ஆண்டுகள் ஏமாற்றிய சூடு: சூப்பர்கண்டக்டர் சோதனையில் நடந்தது என்ன?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாக கம்பெனிகளில் க்வாலிட்டி பிரிவில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: மெஷினிலிருந்து சுடச்சுட வந்த பாகத்தை அளந்தால் அளவு தப்பாகத்தான் வரும். உலோகம் சூட்டில் விரியும் இல்லையா? அதனால்தான் துல்லிய அளவுகளுக்கு 20 டிகிரி செல்சியஸ் என்பது சர்வதேச தரம். இதே சூடு இயற்பியலில் ஒரு பெரிய முடிவையே கவிழ்த்திருக்கிறது.

ஸ்ட்ரான்ஷியம் ருத்தனேட் சுமார் 1.5 கெல்வினுக்குக் கீழே, அதாவது மைனஸ் 271 டிகிரியைத் தாண்டிக் குளிர்ந்தால், மின்தடையே இல்லாத சூப்பர்கண்டக்டர் ஆகிவிடும். 1994-ல் இதைக் கண்டறிந்தது ஜப்பானின் யோஷிதெரு மைனோ குழு. வழக்கமாக எலெக்ட்ரான்கள் எதிரெதிர் ஸ்பினுடன் ஜோடி சேரும். இதில் ஒரே பக்க ஸ்பின் ஜோடிகள் இருக்கலாம் என்று 1995-ல் ரைஸ், சிக்ரிஸ்ட் இருவரும் சொன்னார்கள். நம்ம சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி.பாஸ்கரனும் 1996-ல் இதே கருத்தை முன்வைத்தார்.

அதில் என்ன விசேஷம்? அப்படிப்பட்ட ஜோடி ‘டோபாலஜிக்கல்’ நிலையைத் தரலாம். வளையமாக இணைத்த கயிற்றில் முடிச்சு இருந்தால், எவ்வளவு ஆட்டினாலும் அவிழாது, வெட்டினால்தான் உண்டு. அதுபோல சின்னச் சின்ன குறைகளுக்கு அசராத நிலை இது. குவாண்டம் கம்ப்யூட்டருக்கு இதுதான் தேவை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? எம்ஆர்ஐ ஸ்கேன் வேலை செய்யும் அதே தத்துவத்தில், ரேடியோ அலைத் துடிப்புகளை அனுப்பிப் பார்க்கலாம். எதிரெதிர் ஸ்பின் என்றால், குளிரக் குளிர எலெக்ட்ரான்களின் காந்த சிக்னல் குறைய வேண்டும். 1998-ல் கென்ஜி இஷிதா குழு அளந்தபோது குறையவே இல்லை. ‘ஒரே பக்க ஸ்பின்தான்’ என்று பாடப்புத்தக உதாரணம் ஆகிவிட்டது.

2019-ல் கலிஃபோர்னியாவில் ஆண்ட்ரே புஸ்டோகோவ், ஸ்டூவர்ட் பிரௌன் குழு துடிப்பின் சக்தியைக் குறைத்து அளந்தது. சிக்னல் இறங்கியது! பழைய சோதனையில் துடிப்பே மாதிரியைச் சூடாக்கி, அளக்கும் நேரத்தில் சூப்பர்கண்டக்டர் நிலையையே கலைத்திருந்தது. இஷிதா தரப்பும் மறுபடி அளந்து 2020-ல் இதை உறுதிசெய்தது. அந்தப் பெருந்தன்மை அறிவியலில் அபூர்வம்.

இது பழைய கதை மட்டுமல்ல. டோபாலஜிக்கல் நிலையின் அடையாளமான ‘மயோரானா’வைப் பார்த்ததாக 2018-ல் வந்த டெல்ஃப்ட் குழுவின் கட்டுரை 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 2025 பிப்ரவரியில் ‘மயோரானா 1’ சிப்பை அறிவித்தது. கூடவே ‘நேச்சர்’ வெளியிட்ட கட்டுரையின் மதிப்பாய்வுக் கோப்பிலோ, இந்த முடிவுகள் மயோரானா இருப்பதற்கான ஆதாரம் அல்ல என்று ஆசிரியர் குழுவே குறிப்பு எழுதியிருக்கிறது.